நித்திலனுக்கு ஒரு ஃபைல்

மே 12, திங்கள்

பச்சை நிறத்தில் ஒரு ஃபைல் வாங்கினேன். உள்ளே பிளாஸ்டிக் உறை வைத்தது. கல்லூரி அலுவலகத்தில் பத்து வருடம் ஊரார் பிள்ளைகளின் சான்றிதழ்களை அடுக்கிய கை இது. ஒரு காகிதம் குறைந்தாலும் "நாளைக்கு வா" என்று திருப்பி அனுப்பியவள் நான். என் பிள்ளையின் ஃபைலில் மட்டும் ஒன்று குறையலாமா?

நித்திலன் வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள். மூன்று மாதக் குழந்தை. சேலத்தில் உள்ள தத்து நிலையத்திலிருந்து அழைத்து வந்தோம். இந்த டைரியில் எழுதுவதோடு சரி, வேறெங்கும் இதை எழுதப் போவதில்லை. கலெக்டர் உத்தரவு வந்து, எங்கள் பெயர் போட்ட பிறப்புச் சான்றிதழும் கைக்கு வந்துவிட்டால் அப்புறம் யாரும் எதுவும் கேட்க முடியாது.

நிலையத்துப் பொறுப்பாளர் ஸ்டெல்லா மேடம் இரண்டு பொருள் கொடுத்தார். ஒன்று தடுப்பூசி அட்டை. ஓரமெல்லாம் காப்பிக் கறை. ஆகாஷ் என்று பெயர் எழுதியிருந்தது, அங்கே வைத்த பெயர். இன்னொன்று தடிமனான காக்கிக் கவர். "பொறந்த ஆஸ்பத்திரி பேப்பர், மெடிக்கல் ரிப்போர்ட் எல்லாம் இதுல இருக்கு. நிதானமா படிச்சிட்டு உங்க டாக்டர்கிட்ட காட்டிருங்கம்மா" என்றார். தலையை ஆட்டினேன்.

இன்று கவரைத் திறந்து முதல் தாளை எடுத்தேன். தொடக்கத்திலேயே 'தாயின் வயது' என்று இருந்தது. பால் கலக்க நேரமாகிவிட்டதால் மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

மே 14, புதன்

குமரேசன் லீவு முடிந்து கம்பெனிக்குப் போனார். மதியம் போன் செய்து, "கோதை, அந்தக் கவரப் படிச்சியா?" என்றார். குழந்தையை வைத்துக்கொண்டு எங்கே படிப்பது, நீங்கள் வந்து படியுங்கள் என்றேன். கரண்ட் பில்லைக்கூட என்னைப் படிக்கச் சொல்கிற மனிதர். அதோடு பேச்சு முடிந்தது.

மே 15, வியாழன்

முதல்முறையாகத் தனியாகக் குளிப்பாட்டினேன். இரண்டு பேரும் நனைந்தோம். அவன் அழவில்லை. நான்தான் அழுதேன்.

மே 17, சனி

இன்று உருப்படியாக ஒரு வேலை செய்தேன். தெருமுனை கிளினிக்கில் குழந்தைகள் டாக்டர் வஹிதாவிடம் நித்திலனைக் காட்டினேன். வரவேற்பில் இருந்த பெண்ணிடம், "பழைய அட்டை நனஞ்சுபோச்சும்மா, புதுசு ஒண்ணு குடேன்" என்று கேட்டு வாங்கிவந்தேன். அவன் தூங்கும்போது உட்கார்ந்து, போட்ட ஊசிகளையும் தேதிகளையும் புது அட்டையில் என் கையெழுத்தில் அழகாக எழுதினேன். பெயர்: கு. நித்திலன். தாய்: பூங்கோதை. எங்கள் அலுவலகத்தில் எந்தக் குறிப்பும் அடித்தல் திருத்தலோடு மேலே போகாது. நல்ல பிரதி எடுத்துத்தான் அனுப்புவோம்.

பழைய அட்டையின் மூலையில் சிவப்பு மையில் 'ஜி6பிடி' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. நிலையத்தின் அலமாரிக் குறியீடாக இருக்கும். எங்கள் கல்லூரியிலும் ஜி வரிசை, ஆறாம் தட்டு என்று போடுவோம். அதை எழுதவில்லை. பிறந்த எடை என்ற கட்டத்தையும் வெறுமையாக விட்டேன்.

பழைய அட்டையையும் காக்கிக் கவருக்குள் போட்டு, டேப் ஒட்டி, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். கிழித்துப் போட்டிருக்கலாம். மனம் வரவில்லை என்பதெல்லாம் இல்லை, ஆபீஸ் பழக்கம்தான்.

மே 20, செவ்வாய்

குமரேசனின் அக்கா தெய்வானை அண்ணி காங்கேயத்திலிருந்து போன் செய்தார். அண்ணிக்குத் தெரியாது. இரண்டு முறை எனக்குக் கலைந்தது அவருக்குத் தெரியும். அதைச் சாக்கிட்டு, இந்த முறை கண் பட்டுவிடுமென்று யாரிடமும் சொல்லவில்லை, குழந்தை பிறந்து மூன்று மாதமாகிறது என்று சொல்லச் சொன்னவள் நான். போனில் சொன்னவர் குமரேசன். சொல்லிவிட்டு இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

"என்ற தம்பிக்கு ஒரு பையன் பொறந்து மூணு மாசம் ஆச்சு, நா இன்னும் மூஞ்சியக்கூடப் பாக்குல. இதென்ன நாயம் அம்மிணி?" என்றார் அண்ணி. ஒன்றாம் தேதி வருகிறாராம். வரவேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

ஏன் மறைக்கிறாய் என்று இந்த டைரி கேட்டால் பதில் இருக்கிறது. எனக்குக் குழந்தை தங்காததை ஊரே பேசியது. இவனை ஊர் பேசக் கூடாது. அவ்வளவுதான். எனக்காக இல்லை.

மே 26, திங்கள்

சிரிக்கிறான். மின்விசிறியைப் பார்த்து. என்னையும் பார்த்துச் சிரித்ததாக நினைக்கிறேன்.

மே 28, புதன்

அடுத்த ஊசிக்கான தேதியைக் காலண்டரில் எழுதினேன். அவன் கால் ரேகையை மை தொட்டு ஒரு தாளில் எடுத்து ஃபைலில் வைத்தேன். இது யாரும் கேட்காத ஆவணம். எனக்கு வேண்டும்.

ஜூன் 1, ஞாயிறு

அண்ணி வந்தார். கையில் பலகாரத் தூக்கு, ஆட்டோவில் ஒரு தகரப்பெட்டி. குழந்தையை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "நெத்தி அப்படியே எங்கப்பனாட்டவே இருக்குது" என்றார். குமரேசன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

பெட்டியைத் திறந்தால் வீடெல்லாம் பாச்சை உருண்டை வாசம். அவருடைய இரண்டு பையன்களும் போட்ட சட்டைகள், குல்லாய், தொட்டில் கட்டிய பழைய நூல்சேலை. எல்லாம் துவைத்து மடித்து, மடிப்புக்கு மடிப்பு வெள்ளை உருண்டை வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். "கொழந்தைக்கு ஒறவுக்காரப் பசங்க போட்ட துணியத்தான் போடோணும் அம்மிணி. அப்பத்தான் உடம்பு தேறும். என்ற பசங்களப் பாரு, மாடு மாதிரி இருக்கானுங்க."

வழக்கமான பூங்கோதையாக இருந்தால் பெட்டியோடு வெந்நீரில் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்த்திருப்பாள். இன்று வாய் வரவில்லை. அவர் இத்தனை வருடம் எடுத்துவைத்த துணி. பெரிய விஷயத்தில் ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம், சின்ன விஷயத்திலாவது விட்டுக்கொடுப்போம் என்று இருந்துவிட்டேன். வெளியே தூறல் வேறு, துவைத்தாலும் காயாது. அந்தச் சேலையிலேயே தொட்டில் கட்டி, அந்தச் சட்டையையே போட்டுத் தூங்கவைத்தார். நன்றாகத் தூங்கினான்.

ஜூன் 2, திங்கள்

குமரேசன் கம்பெனி வேலையாகப் பூனா போனார். வெள்ளிக்கிழமைதான் வருவார். அண்ணி கம்மஞ்சோறு ஆக்கினார். பேச ஆள் இருப்பது நன்றாகத்தான் இருக்கிறது. பேச்சில் பிரசவம் வரும்போது மட்டும் சமையலறைக்குப் போய்விடுகிறேன். இன்று நான்கு முறை போனேன். அடுப்படி பளபளவென்று இருக்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

நித்திலன் பால் சரியாகக் குடிக்கவில்லை. முகம் வெளுத்த மாதிரி இருக்கிறது. வெளிச்சம் சரியில்லாததால் அப்படித் தெரிகிறதோ என்னவோ.

ஜூன் 4, புதன்

ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். எழுத முடியவில்லை.

ஜூன் 6, வெள்ளி

இப்போது எழுதலாம். அபாயக் கட்டத்தைத் தாண்டிவிட்டான் என்று டாக்டர் வஹிதாவே சொல்லிவிட்டார்.

புதன் காலை எழுப்பியபோது கண்ணில் மஞ்சள். நனைந்திருந்த துணியை அவிழ்த்தால் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. அண்ணி "அய்யோ சாமி" என்று தலையில் கைவைத்தார். கிளினிக்குக்கு ஓடினோம். டாக்டர் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. தன் காரிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்ச் சேர்த்தார். ரத்தம் எடுத்தார்கள். ரத்த அணுக்கள் உடைந்துகொண்டிருக்கின்றனவாம், புது ரத்தம் ஏற்ற வேண்டி வரலாமாம்.

"பொறந்தப்ப மஞ்சள் காமாலை வந்து லைட்டுல வெச்சிருந்தாங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

நான் அழகாக எழுதிய அட்டையை நீட்டினேன். அதில் ஊசி தவிர ஒன்றும் இல்லை. "இல்லைங்க டாக்டர்" என்றேன். இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

"டிஸ்சார்ஜ் பேப்பர் இருக்கா?"

"வீடு மாத்தறப்ப தொலஞ்சு போச்சுங்க."

அண்ணி பக்கத்தில்தான் நின்றார். டாக்டர் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு குழந்தையின் சட்டையை மோந்து பார்த்து, "பாச்சை உருண்டை வெச்ச துணியா?" என்றார். உடனே எல்லாவற்றையும் கழற்றி வேறு துணி சுற்றச் சொன்னார். "சில குழந்தைங்க ரத்தத்துல ஒரு என்சைம் குறைவா இருக்கும். அவங்களுக்கு இந்த உருண்டையோட காத்தே விஷம். சில மருந்தும் ஆகாது. அதுதானான்னு தெரியணும். ஆனா அணுக்கள் உடையற நேரத்துல அந்த டெஸ்ட் எடுத்தா சரியாக் காட்டாது. முன்னாடியே எடுத்திருந்தாத்தான் நம்பலாம். ஜி6பிடின்னு எங்கயாவது எழுதியிருந்ததாம்மா?"

அந்தச் சிவப்பு எழுத்து கண்முன்னால் வந்து நின்றது. நான் அலமாரி என்று நினைத்தது என் பிள்ளையின் ரத்தம்.

எத்தனை மாணவர்களை விரட்டியிருக்கிறேன், எல்லாக் காகிதத்தையும் கொண்டுவா என்று! என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் அதற்கு நேரமில்லை. கவர் பீரோவில் இருந்தது. குமரேசன் பூனாவில். ரத்தம் ஏற்றக் கையெழுத்துப் போட நான் இங்கே இருந்தாக வேண்டும். போய் எடுத்துவர அண்ணியைத் தவிர ஆளில்லை. பிரிக்காமல் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். எப்படிப்பட்ட பெண்பிள்ளை நான்!

"எழுதியிருந்துச்சுங்க டாக்டர். பழைய அட்டையில. நான்தான் அது என்னன்னு தெரியாம விட்டுட்டேன். அவன் பொறந்த ஆஸ்பத்திரி பேப்பரும் வீட்டுல இருக்குது. நான் படிக்குல." அண்ணி பக்கம் திரும்பினேன். "அண்ணி, நித்திலன நான் பெக்குல. சேலத்துல தத்து எடுத்தோம். உங்ககிட்ட மறைக்கச் சொன்னது நான்தான், உங்க தம்பி இல்ல. பீரோவுல பட்டுச் சேலைக்கு அடியில ஒரு காக்கிக் கவர் இருக்குது. அத எடுத்துட்டு வாங்க."

அண்ணி என்னைப் பார்த்தார். கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தார். நான் எதற்கும் தயாராக நின்றேன்.

"பீரோ சாவி எங்க வெச்சிருக்கற?" என்றார்.

கவர் வந்தது. டாக்டர் நின்றபடியே படித்தார். பிறந்தபோது மஞ்சள் காமாலை, விளக்கு வெளிச்சத்தில் வைத்தது, டெஸ்ட் எடுத்தது, என்சைம் குறைவு, பாச்சை உருண்டை கூடாது, கொடுக்கக் கூடாத மருந்துகளின் பட்டியல் உட்பட எல்லாம் இருந்தது. யாரோ ஒருவர் மெனக்கெட்டுத் தெளிவாக எழுதியிருக்கிறார். என்னைப் போன்ற ஒருத்தி படிப்பாள் என்று நம்பி.

மாலையில் ரத்தம் ஏற்றினார்கள். வியாழன் மதியம் பால் கேட்டு அழுதான். அந்த அழுகையைக் கேட்டு நர்ஸ் சிரித்தாள், நான் அழுதேன்.

ஜூன் 7, சனி

குமரேசன் வந்துவிட்டார். அக்காவிடம் பேசப் பார்த்தார். அண்ணி பால்புட்டியைக் கழுவப் போய்விட்டார். என்னிடமும் தேவைக்கு மேல் பேசவில்லை. குழந்தைக்கு மட்டும் எல்லாம் செய்தார். பேச்சு வந்தது ஒரே ஒரு முறைதான்: "நா கொண்டாந்த துணிதான அவன இப்படிப் பண்ணிப்போட்டுது? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நா அந்தப் பெட்டியத் தொறந்திருப்பனா?"

அண்ணி, அது எனக்கே தெரியாது என்றேன். தெரிந்துகொள்ளக் காகிதம் இருந்தது என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜூன் 9, திங்கள்

வீட்டுக்கு வந்தோம். தகரப்பெட்டியை அண்ணி முன்பே ஆட்டோவில் ஏற்றியிருந்தார். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது "போயிட்டு வாரேன்" என்று சொல்லவில்லை. "கிளம்பறேன்" என்றார். காப்பிகூடக் குடிக்கவில்லை. இருபது வருடப் பழக்கத்தில் அவர் இந்த வீட்டில் காப்பி குடிக்காமல் போனது இதுதான் முதல் தடவை. குமரேசன் பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பிவந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார்.

ஜூன் 10, செவ்வாய்

காக்கிக் கவர் முழுவதையும் படித்தேன். தரையில் சம்மணமிட்டு, ஒவ்வொரு தாளாக.

அவளுக்குப் பத்தொன்பது வயது. பெயரை மறைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் தாய்ப்பால் கொடுத்ததாக ஒரு வரி. விளக்கில் வைத்தபோது கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருந்ததாக நர்ஸ் எழுதிய குறிப்பு ஒன்று.

பொறாமையாக இருந்தது. எழுத வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. நான் படிக்காமல் தள்ளிப்போட்டது அவள் வயதையோ இவன் பிறந்த எடையையோ பார்க்கப் பயந்து இல்லை. அவள் இருக்கிறாள் என்பதற்குப் பயந்து.

இப்போது ஃபைலில் பழைய அட்டைதான் முதல் உறையில் இருக்கிறது. காப்பிக் கறையோடு. மருந்துப் பட்டியலைச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன், ஒரு பிரதியைக் குமரேசன் பர்ஸில் வைத்தேன். மனிதர் உட்கார்ந்து முழுதாகப் படித்தார்.

ஜூன் 13, வெள்ளி

டாக்டர் வஹிதாவிடம் காட்டினோம். ரத்தம் நன்றாக ஏறியிருக்கிறது. கவனமாக இருந்தால் எல்லாக் குழந்தைகளையும் போல வளர்வான் என்றார். கிளம்பும்போது, "இது அம்மா வழியா வர்றது. அந்தப் பொண்ணுக்கு நாளைக்கு இன்னொரு பையன் பொறந்தா அவனுக்கும் இருக்கலாம். அவங்களுக்கு இது தெரியுமோ என்னமோ" என்றார். பிறகு, "அது உங்க பொறுப்பு இல்லம்மா, சும்மா சொன்னேன்" என்றார்.

ரிப்போர்ட்டை வீட்டுக்கு வந்து மறுபடி எடுத்துப் பார்த்தேன். டெஸ்ட் முடிவு வந்த தேதிக்கு முன்பே அவள் ஆஸ்பத்திரியை விட்டுப் போயிருக்கிறாள். அவளுக்குத் தெரியாது.

ஜூன் 15, ஞாயிறு

அண்ணியிடமிருந்து போன். குமரேசனிடம் கொடுக்கப் போனேன். "நீயே பேசு" என்றார்.

"பால் குடிக்கறானா?"

"குடிக்கறானுங்க அண்ணி."

"தை மாசம் காது குத்திருவோம். உன்ற அண்ணன் அப்ப ஊருல இருப்பானான்னு இப்பவே கேட்டு வெய்யி. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் குத்தோணும். கடைசி நேரத்துல ஆளில்லைன்னு நிக்காத."

"கேக்கறேனுங்க."

"இனிமே எதையும் எங்கிட்ட மறைச்சுப்போட்டு அடுப்படிக்குள்ள போயி நிக்காத. நா என்ன குருடியா?" என்று வைத்துவிட்டார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன். சந்தோஷம் தாங்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

கலெக்டர் உத்தரவு வந்துவிட்டது. நித்திலன் சட்டப்படி எங்கள் பிள்ளை. இதைச் சொல்லத்தான் ஸ்டெல்லா மேடம் போன் செய்தார். "இனி சேலத்துப் பக்கம் நீங்க வரவேண்டிய வேலையே இல்ல. சந்தோஷமா இருங்க" என்றார்.

மே மாதத்துப் பூங்கோதை இந்த வார்த்தைக்காகத் தவம் கிடந்தாள். நான் போனை வைக்கவில்லை.

"மேடம், அந்தப் பொண்ணுக்கு ஒரு சேதி சொல்லணும்."

"அது முடியாதும்மா. அவங்க யாருன்னு உங்களுக்கும், நீங்க யாருன்னு அவங்களுக்கும் சொல்லக் கூடாது."

"யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாம். இவனுக்கு இருக்கறது அவ வழியா வந்ததாம். நாளைக்கு அவளுக்குக் கல்யாணம் ஆகி ஒரு பையன் பொறந்தா, அவனுக்கும் டெஸ்ட் எடுக்கணும். துணியில பாச்சை உருண்டை வெக்கக் கூடாது. அவளுக்கு யாரும் சொல்லல மேடம். அவ போனதுக்கு அப்புறம்தான் ரிசல்ட்டே வந்திருக்கு."

"நாங்களாத் தேடிப் போனா அவங்களுக்குத்தாம்மா ஆபத்து. வீட்டுல யாருக்கும் தெரிஞ்சிருக்காது." காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. "ஆனா இங்க அவங்க ஃபைல்ல எழுதி வெக்கறேன். விசாரிக்க வந்தா கண்டிப்பாச் சொல்றேன்."

"வருவாளா?"

"சில பேர் வருவாங்க. கேட்டுக்கு வெளிய நின்னு பாத்துட்டுப் போயிருவாங்க. நாங்கதான் உள்ள கூப்புடுவோம்."

நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். ஒரு வரிகூட விடவில்லை. திரும்ப வாசிக்கச் சொல்லியும் கேட்டேன். முடித்துவிட்டு, "யார் சொன்னதுன்னு போடட்டுமாம்மா?" என்று கேட்டார்.

"அவன வளக்கறவ சொன்னான்னு போடுங்க" என்றேன். "அவன் நல்லா இருக்கான், சிரிக்கறான்னு ஒரு வரி சேத்துக்கங்க. அவ கேக்க மாட்டா. கேக்காட்டியும் சொல்லிருங்க."